ஒரு ‘ன்’, ஒரு ‘ர்’



ஜூன் இதழின் கடைசிப் பக்கத்தில், வழக்கம்போல் ‘இந்த மாதத்தில் அன்று’ பகுதியில், ஒரு வரி அச்சாகியிருந்தது. ‘ஜூன் 17, 1911: திருநெல்வேலி கலெக்டர் ஆஷை மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றார்.’ அவ்வளவுதான். பக்கத்தில் இடம் குறைவு, அதனால் வரியும் குறைவு. இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று தென்காசிப் பக்கத்திலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுதியது. நாலு பக்கம், பச்சை மை, ஒற்றுப்பிழை ஒன்றுகூடக் கிடையாது. ‘தியாகி என்ற மூன்றெழுத்துக்கு உங்கள் பத்திரிகையில் இடமில்லையா? போலீஸ் பதிவேடு எழுதுகிற ஏட்டையா மாதிரி சுட்டுக் கொன்றார் என்று எழுத எப்படி ஐயா கை வந்தது?’ என்று கேட்டிருந்தார். மற்றது சென்னையிலிருந்து மின்னஞ்சலில் வந்தது. வரலாறு படிக்கும் மாணவி. ‘கொன்றார் என்று மரியாதை கொடுத்திருக்கிறீர்கள். மனைவி பக்கத்தில் இருக்க, ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்தவரைச் சுட்டதற்குப் பெயர் கொலை. கொலையாளி என்று எழுத ஏன் தயங்கினீர்கள்? சுட்டவரின் சட்டைப்பையில் இருந்த கடிதத்தை ஒருமுறையாவது படித்துப் பார்த்தீர்களா?’ என்பது அவர் கேள்வி.

ஒரே வரி. ஒருவருக்கு அது துரோகம், மற்றவருக்கு அது துதி. இரண்டு பக்கமும் திட்டினால் நாம் நடுவில் சரியாக நிற்கிறோம் என்று பத்திரிகைக்காரர்கள் தங்களைத் தாங்களே தேற்றிக்கொள்வதுண்டு. அந்தத் தேறுதலை நான் நம்புவதில்லை. இரண்டு பக்கமும் திட்டுவதற்கு, நாம் இரண்டு பக்கமும் தப்புச் செய்திருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாமே.

எனவே அந்த வரி எப்படிப் பிறந்தது என்று பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். அச்சுக்குப் போனதற்கு முந்தைய படி ஒன்று கிடைத்தது. எங்கள் உதவி ஆசிரியர் ஒருவர், துடிப்பான தம்பி, எழுதியது. ‘வெள்ளைக்காரக் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டான். மாவீரர் வாஞ்சிநாதன் தம் இன்னுயிரை ஈந்தார்.’ பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் இரண்டே இரண்டு எழுத்துகளுக்கு வட்டம். ‘கொல்லப்பட்டான்’ என்பதில் ‘ன்’. ‘ஈந்தார்’ என்பதில் ‘ர்’.

வட்டம் போட்டது எங்கள் மெய்ப்புத் திருத்தும் அம்மா. ஈயம் கோத்த காலத்திலிருந்து அச்சுத் தொழிலில் இருப்பவர். அன்று அவர் வந்து கேட்டது இப்போது நினைவுக்கு வருகிறது. “சார், செத்தது ரெண்டு பேரு. ஒருத்தருக்கு ‘ன்’னு போட்டு, ஒருத்தருக்கு ‘ர்’னு போட்டிருக்கே தம்பி. இது செய்தியா, தீர்ப்பா?”

நான் அவசரத்தில் இருந்தேன். “ரெண்டையும் ஒரே வரியாக்கி, ‘ர்’ போட்டு, அடைமொழி எல்லாத்தையும் எடுத்துடுங்கம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். அதுதான் அச்சான வரி. தீர்ப்பை நீக்கியது சரி. ஆனால் தீர்ப்போடு சேர்த்து வேறு எதையோ நானும் நீக்கியிருக்கிறேன் என்பது இந்த இரண்டு கடிதங்களையும் மறுபடி படித்தபோதுதான் புரிந்தது. அதைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச நினைக்கிறேன்.

முதலில் அந்த ‘ன்’, ‘ர்’ சமாச்சாரம். பிற மொழிக்காரர்கள் நடுநிலை என்று பேசும்போது பெரும்பாலும் பெயர்ச்சொல்லைப் பற்றித்தான் பேசுவார்கள்: பயங்கரவாதியா, போராளியா, கலகமா, புரட்சியா. நமக்கு அந்தத் தலைவலி பாதிதான். மீதிப் பாதி வினைமுற்றில் இருக்கிறது. ‘அமைச்சர் கைது செய்யப்பட்டார், திருடன் பிடிபட்டான்’ என்று நம் நாளிதழ்கள் ஒரே பக்கத்தில் எழுதும். இரண்டு பேர் மீதும் இன்னும் வழக்கே நடந்திருக்காது. நீதிமன்றம் சொல்ல ஆண்டுகள் எடுக்கும் ஒன்றை, தமிழ் இலக்கணம் ஒரு மெய்யெழுத்தில் சொல்லிவிடுகிறது.

‘ன்’ எப்போதும் இழிவு என்று சொல்லிவிடவும் முடியாது. ராஜராஜன் கோயில் கட்டினான், கம்பன் பாடினான், முருகன் மலையேறினான் என்கிறோம். அரசனுக்கும் புலவனுக்கும் கடவுளுக்கும் போடும் ‘ன்’ நெருக்கத்தின் ‘ன்’. கைவிலங்கு போட்டவனுக்குப் போடும் ‘ன்’ வேறு. எழுத்து ஒன்றுதான், எந்த வாசலில் நிற்கிறது என்பதில்தான் பொருள் மாறுகிறது. பார்த்தீர்களா, ‘கைவிலங்கு போட்டவனுக்கு’ என்று நானே எழுதிவிட்டேன். அடிக்காமல் அப்படியே விடுகிறேன். கை எவ்வளவு பழகியிருக்கிறது என்பதற்குச் சாட்சியாக இருக்கட்டும்.

இதைப்போல ஓசைப்படாமல் பக்கம் சாயும் சொற்கள் நம்மிடம் நிறைய. ‘தியாகியாம்’ என்ற ஒரு ‘ஆம்’ போதும், ஆயுள் முழுக்கச் சிறையில் கிடந்தவரையும் கேலிப்பொருளாக்கிவிடும். ‘தம்மைத் தலைவர் என்று சொல்லிக்கொண்ட’ என்று எழுதினால், அவர் தலைவர் அல்லர் என்பது சொல்லாமலே விளங்கிவிடும். ‘என்றார்’ என்பதற்குப் பதில் ‘ஒப்புக்கொண்டார்’ என்றால் குற்றம் நிரூபணமாகிவிடுகிறது. ‘விளக்கமளித்தார்’ என்றால் குற்றம் கரைந்துவிடுகிறது. ‘மழுப்பினார்’ என்றால் விசாரணையே முடிந்துவிடுகிறது. சாவுக்கு மட்டும் எத்தனை சொற்கள்! இறந்தார், கொல்லப்பட்டார், பலியானார், மாண்டார், உயிர்நீத்தார், வீரமரணம் எய்தினார், சுட்டு வீழ்த்தப்பட்டார். ஒரே உடல், ஒரே தோட்டா. எந்தச் சொல்லை எடுக்கிறோம் என்பதிலேயே நாம் யார் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது தெரிந்துவிடும்.

கதைக்கும் கவிதைக்கும் மேடைக்கும் இந்தச் செல்வம் வேண்டும். தலையங்கத்துக்கும் வேண்டும், அங்கே நாங்கள் பக்கம் சாய்வது உங்களுக்கே தெரியும். ஆனால் கலைக்களஞ்சியம், அகராதி, ஆண்டு நூல், பாடப்புத்தகத்தின் பெட்டிச் செய்தி, எங்கள் கடைசிப் பக்கம் போன்ற இடங்களுக்கு வாசகர் வேறொரு நம்பிக்கையோடு வருகிறார். தராசுக் கடைக்கு வருவதுபோல வருகிறார். அங்கே எடைக்கல்லின் அடியில் புளியை ஒட்டிவைக்கக் கூடாது.

சரி, எடைபோடுவது எப்படி? மணியாச்சிக்கே போவோம்.

பெயர் வேறு, பட்டம் வேறு என்பது முதல் பாடம். இன்று அந்த ரயில் சந்திப்பின் பெயர் வாஞ்சி மணியாச்சி. அங்கிருந்து சிறிது தூரத்தில் தூத்துக்குடியில் ஆஷுக்கு நினைவு மண்டபம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் அவர் கல்லறை. செங்கோட்டையில் வாஞ்சிக்கு மணிமண்டபம். ஒரே வட்டாரம் இரண்டு பேரையும் கல்லில் வைத்திருக்கிறது. ரயில் நிலையத்தை வாஞ்சி மணியாச்சி என்று எழுதுவதால் நாம் வாஞ்சியின் கட்சி ஆகிவிடுவதில்லை. பெயர்ப்பலகையில் இருப்பதை எழுதுகிறோம். அதேபோல் ‘ஆஷ் கொலை வழக்கு’. நீலகண்ட பிரம்மச்சாரி உள்ளிட்ட 14 பேர் மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த அந்த வழக்குக்கு அதுதான் பெயர். வாஞ்சியைத் தெய்வமாகக் கும்பிடுகிறவர்கள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள், யாருக்கும் மனம் நோவதில்லை. மகாத்மா, பெரியார் என்பவையும் பட்டங்களாகத் தொடங்கிப் பெயர்களாகிவிட்டவை. அவற்றை நீக்கினால் ஆளை அடையாளம் தெரியாது. அவற்றை எடுத்துவிடுவதுதான் ஒரு பக்கம் சாய்வதாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு கட்சிக்காரரும் தம் தலைவருக்கு நேற்றுச் சூட்டிய பட்டம் அந்த நிலைக்கு வரவில்லை. ஊர் முழுக்கச் சொல்வது பெயர், ஒரு சாரார் மட்டும் சொல்வது பட்டம். பெயரைத் தலைப்பில் வைக்கலாம். பட்டத்தை, ‘இன்னார் இப்படி அழைக்கிறார்கள்’ என்று உள்ளே வைக்க வேண்டும்.

இரண்டாவது, யார் எப்போது அப்படிச் சொன்னார்கள் என்பது. முத்திரை குத்தப்பட்டது என்பதே ஒரு நிகழ்ச்சிதான். அதற்கும் தேதி உண்டு, ஆள் உண்டு. ஈழத்தைப் பற்றி ஒரு குறிப்பு எழுத உட்கார்ந்தால் இந்தச் சிக்கல் நேரே வந்து நிற்கும். விடுதலைப் புலிகள் என்பது அந்த இயக்கத்தின் பெயர், அதை எழுதுவதால் யாரும் வழிமொழிந்ததாகாது. 1976-இல் தொடங்கிய ஆயுத இயக்கம், தனி ஈழம் அதன் இலக்கு, இந்தியா 1992-இல் தடை செய்தது, அமெரிக்கா 1997-இல் வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது, ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் தன் பட்டியலில் சேர்த்தது என்று எழுதலாம். கூடவே, அதைத் தங்கள் விடுதலை இயக்கமாகக் கருதிய தமிழர்கள் உள்நாட்டிலும் புலம்பெயர் நாடுகளிலும் இருந்தார்கள், அதன் தாக்குதல்களில் பொதுமக்களும் உயிரிழந்தார்கள் என்று எழுதலாம். இதில் எந்த வரியையும் எந்தக் கட்சிக்காரரும் பொய் என்று சொல்ல முடியாது. பிடிக்கவில்லை என்று சொல்லலாம். பிடிக்காத உண்மைக்கும் பொய்க்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு சாண் இடத்தில்தான் குறிப்பெழுதுகிறவர் குடித்தனம் நடத்த வேண்டியிருக்கிறது.

சொல்லே காலத்தோடு நகர்ந்துவிடுவதும் உண்டு. பகத்சிங், சூர்யா சென் போன்றவர்களைப் பற்றி எழுதும்போது ‘புரட்சிகரப் பயங்கரவாதம்’ என்ற தொடரைப் பிபன் சந்திராவும் அவருடைய சக ஆசிரியர்களும் 1988-இல் வெளிவந்த தங்கள் விடுதலைப் போராட்ட வரலாற்றில் எழுதினார்கள். அந்தப் புரட்சியாளர்களின் காலத்தில் அந்தச் சொல் ஒரு போராட்ட முறையைக் குறித்தது. எழுதியவர்களுக்கு இழிவு செய்யும் எண்ணம் இல்லை, புத்தகமே பகத்சிங்கை மதிக்கும் புத்தகம். ஆனால் 2016-க்குள் அந்தச் சொல்லின் முகம் முற்றிலும் மாறிவிட்டது. நாடாளுமன்றம் வரை சண்டை போனது, டெல்லிப் பல்கலைக்கழகம் இந்தி மொழிபெயர்ப்பின் விற்பனையை நிறுத்தியது. குத்தும்போது மை நீலமாக இருந்த முத்திரை, காய்ந்த பிறகு சிவப்பாகிவிட்டது.

‘முதல்’ என்ற அப்பாவிச் சொல்லைக்கூட நம்ப முடியாது. 1857-ஐ ஆங்கிலேயர்கள் சிப்பாய்க் கலகம் என்றார்கள். சாவர்க்கர் 1909-இல் அதைச் சுதந்திரப் போர் என்று புத்தகத் தலைப்பிலேயே வைத்தார். பிறகு அது முதல் சுதந்திரப் போர் ஆனது. நாம் விடுவோமா? 1806 ஜூலை 10-ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் நடந்தது என்ன என்று கேட்டோம். பேராசிரியர் கே. ராஜய்யன் 1971-இல் இன்னும் பின்னுக்குப் போய், மருது சகோதரர்கள் காலத்து 1800–1801 கிளர்ச்சியே முதல் சுதந்திரப் போர் என்று நூல் எழுதினார். ஒடிசாக்காரர்கள் 1817-ஆம் ஆண்டின் பைக்கா கிளர்ச்சியைச் சொல்கிறார்கள். 1957-இல், நூற்றாண்டுக்காக அரசு கேட்டுக்கொண்டபடி வரலாறு எழுதிய சுரேந்திரநாத் சென் ஒரு காரியம் செய்தார். கலகம் என்றும் வைக்கவில்லை, போர் என்றும் வைக்கவில்லை. புத்தகத்துக்கு ‘ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு’ என்று ஆண்டையே தலைப்பாக வைத்துவிட்டார். உள்ளே தம் கருத்தை அவர் மறைக்கவில்லை. வாசலில் மட்டும் எவரையும் தடுக்கவில்லை.

இங்கே என்னை நிறுத்தி, ‘அப்படியானால் எல்லாவற்றையும் மொட்டையாக, உப்புச்சப்பில்லாமல் எழுதிவிட்டால் நடுநிலையா?’ என்று நீங்கள் கேட்பது நியாயம். இல்லவே இல்லை. மெலிந்த சொல்லும் பொய் சொல்லும். சில சமயம் தடித்த சொல்லைவிட அதிகமாகவே சொல்லும்.

1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரஸில், வெளியேற வழி குறுகலான ஒரு மைதானத்தில் கூடியிருந்த ஆயுதமற்ற மக்கள்மீது ஜெனரல் டயரின் படை 1,650 முறை சுட்டது. அரசின் கணக்கிலேயே 379 பேர் இறந்தார்கள். இதையும் சேர்த்து விசாரிக்க அரசு அமைத்த குழுவின் பெயர், தமிழில் சொன்னால், ஒழுங்கீனங்கள் விசாரணைக் குழு. பெயரிலேயே ஒழுங்கு மீறியவர்கள் யார் என்று முடிவாகிவிட்டது. இங்கே ‘படுகொலை’ என்பது அடைமொழி அல்ல, நடந்ததைக் குறிக்கும் சொல். அதை எடுத்துவிட்டு ‘அசம்பாவிதம்’ என்று எழுதுகிறவர் நடுவில் நிற்கவில்லை, டயருக்குப் பின்னால் நிற்கிறார். நம் கீழ்வெண்மணியும் அப்படித்தான். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும், ஒரு குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். அதை ‘இரு தரப்பு மோதலில் 44 பேர் பலி’ என்று எழுதிப் பாருங்கள். காரமான சொல் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வரி முழுப் பொய். குடிசைக்குள் இருந்தவர்கள் எந்தத் தரப்பாக நின்று யாரோடு மோதினார்கள்?

செய்தவரை மறைக்கும் வாக்கியமும் இதே வகை. 1908 மார்ச் 12-இல், சுதேசிக் கப்பல் கம்பெனி நடத்திய வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. ‘துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர்’ என்று எழுதினால் துப்பாக்கி தானாக வெடித்ததுபோல் இருக்கிறது. ‘போலீஸ் சுட்டதில் நால்வர் இறந்தனர்’ என்பதே வாக்கியம். அரசு ஆவணங்களில் அந்த நாளின் பெயர் கலகம். ஆ. இரா. வேங்கடாசலபதி அதே நாளைப் பற்றி எழுதி, சாகித்திய அகாதெமி விருது பெற்ற நூலின் தலைப்பில் ‘எழுச்சி’. ஆய்வாளர் தம் சான்றுகளை அடுக்கிக்காட்டி ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார், அது அவர் உரிமை. நாலு வரிக் குறிப்பெழுதுகிறவருக்குச் சான்று அடுக்க இடமில்லை. ஆகவே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவருக்குக் குறைவு.

முத்திரையின் கனம் என்னவென்று நம் மக்கள் அனுபவித்தே தெரிந்துகொண்ட கதை ஒன்று உண்டு. 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. அதாவது மணியாச்சியில் துப்பாக்கி வெடித்த அதே ஆண்டு. அரசு அறிவித்த சாதியில் பிறந்த குழந்தையும் குற்றவாளிப் பரம்பரை. வயதுவந்த ஆண்கள் பெயரைப் பதிந்து கைரேகை வைக்க வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் ஆஜர் சொல்ல வேண்டும். மக்கள் அதற்கு வைத்த பெயர் கைரேகைச் சட்டம். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள்மீது போலீஸ் சுட்டதில் 16 பேர் மாண்டார்கள். நாடு முழுவதும் குற்றப் பரம்பரைப் பட்டியல் ஒழிந்தது 1952-இல்தான்.

இப்போது இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். ‘இன்ன சாதியார் குற்றப் பரம்பரையினர்.’ ‘இன்ன சாதியாரைக் குற்றப் பரம்பரையினர் என்று 1911-ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் அரசு அறிவித்தது.’ முதல் வாக்கியத்தில் குற்றம் மக்கள்மேல் இருக்கிறது. இரண்டாவதில் அது அரசின் காகிதத்தில் இருக்கிறது. நடுவில் கூடுதலாக வந்தவை ஒரு சட்டமும் ஓர் ஆண்டும் ஓர் எழுவாயும்தான். அன்றைய அரசிதழ்களும் கையேடுகளும் அந்த முதல் வாக்கியத்தைத்தான் தகவல் என்று எழுதிவைத்தன. அதைப் பார்த்து எழுதியவர்கள் அப்படியே எழுதினார்கள். குறிப்பு நூலில் ஏறிய முத்திரையை இறக்க அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் பாடுபட வேண்டியிருந்தது.

முத்திரையை நம்பி எழுதியவர்கள் பட்ட பாட்டுக்கு ரஷ்யாவில் ஒரு கதை உண்டு, கொஞ்சம் சிரிக்கலாம். ஸ்டாலினின் உள்துறையை ஆண்ட பெரியாவைப் பற்றிப் பெரிய சோவியத் கலைக்களஞ்சியத்தின் இரண்டாம் பதிப்பில் புகழ்மாலையும் படமுமாகப் பக்கங்கள் வந்திருந்தன. 1953-இல் பெரியா கைதாகி, அந்த ஆண்டே சுட்டுக் கொல்லப்பட்டார். சந்தாதாரர்களுக்குத் தபாலில் ஓர் உறை போனது. குறிப்பிட்ட பக்கங்களைக் கத்தரியாலோ பிளேடாலோ வெட்டி எடுத்துவிட்டு, அனுப்பியிருக்கும் பக்கங்களை ஒட்டிக்கொள்ளுங்கள் என்று அறிவுரை. அனுப்பிய பக்கங்களில் பெரிங் கடலைப் பற்றி விரிவான தகவல்! அகர வரிசையில் அருகில் வந்தது அந்தக் கடல்தானே. புகழுரையை எழுதிய அதே கைதான் பிளேடையும் அனுப்பியது. பிறந்த தேதியும் வகித்த பதவியும் செய்த காரியமும் மட்டும் எழுதியிருந்தால் வெட்டியெடுக்க என்ன இருந்திருக்கும்?

நம் பெரியசாமித் தூரன் நினைவுக்கு வருகிறார். பகத்சிங் தூக்கிலிடப்பட்ட துயரத்தில் பட்டப் படிப்பின் தேர்வையே எழுதாமல் விட்டவர் என்று அவர் வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. கவிஞர், இசைப்பாடல்கள் இயற்றியவர். நெஞ்சில் அவ்வளவு சூடு உள்ள மனிதர்தான் தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியத்துக்குத் தலைமை ஆசிரியராக உட்கார்ந்தார். முதல் தொகுதி 1954, பத்தாவது 1968. அந்தத் தொகுதிகளைப் புரட்டினால் நிதானமான, நீரோட்டம்போன்ற உரைநடை. பக்கம் இல்லாதவரால் மட்டும்தான் நடுநிலையாக எழுத முடியும் என்பது தவறு. பக்கம் இல்லாத மனிதர் உலகத்தில் இல்லை. தம் பக்கம் எது என்று தெரிந்தவர், பேனா எப்போது அந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் தெரிந்துவைத்திருப்பார்.

மறுபடி நம் இரண்டு கடிதங்கள். இந்த முறை அடைமொழிகளையெல்லாம் மனத்தால் மறைத்துக்கொண்டு படித்துப் பார்த்தேன். ‘தியாகி’ என்று ஏன் எழுத வேண்டும் என்பதற்குத் தென்காசி ஐயா மூன்று பக்கம் காரணம் எழுதியிருந்தார். சுதேசிக் கப்பல் கம்பெனியை ஒடுக்கியதிலும், 1908-இல் தூத்துக்குடியில் நடந்த அடக்குமுறையிலும் ஆஷுக்கு இருந்த பங்கு. வ.உ.சி.க்கு விதிக்கப்பட்ட இரட்டை ஆயுள் தண்டனை. சுட்ட கணமே தம்மையும் சுட்டுக்கொண்டு வாஞ்சி உயிரைவிட்டது. ‘கொலையாளி’ என்று ஏன் எழுத வேண்டும் என்பதற்குச் சென்னை மாணவியும் காரணம் எழுதியிருந்தார். கொடைக்கானலுக்குப் புறப்பட்ட ஆஷின் பக்கத்தில் அவர் மனைவி மேரி இருந்தது. வாஞ்சியின் சட்டைப்பைக் கடிதம் நாட்டை மட்டும் பேசவில்லை, சனாதன தர்மத்தையும் பேசுகிறது என்பது. ஐந்தாம் ஜார்ஜை அது ‘பஞ்சமன்’ என்று குறிக்கிறது. ஐந்தாமவர் என்பதுதான் பொருள் என்பார்கள் சிலர். சாதிப் பெயரின் நிழலும் அதில் விழுகிறது என்பது இவர் வாசிப்பு.

இருவரும் எங்களிடம் கேட்டது ஒரு சொல். ஆனால் இருவரும் எங்களுக்குக் கொடுத்தது தகவல். நான் அன்று அவசரத்தில் அடைமொழியை வெட்டியபோது, அந்த அடைமொழி எந்தத் தகவலின்மேல் நின்றுகொண்டிருந்தது என்று பார்க்காமல் வெட்டிவிட்டேன். என் பிழை அதுதான். பட்டத்தை இறக்கினால் போதாது, பட்டத்தின் கீழே இருக்கும் காரணத்தை எடுத்து மேலே வைக்க வேண்டும். வாசகர் அதைப் பார்த்துத் தாமே பட்டம் சூட்டிக்கொள்வார், அல்லது கழற்றிவைப்பார்.

ஆகவே திருத்திய குறிப்பு இதோ.

‘ஜூன் 17, 1911: திருநெல்வேலி மாவட்ட கலெக்டர் ராபர்ட் வில்லியம் ஆஷ், கொடைக்கானல் செல்லும் வழியில், மணியாச்சி சந்திப்பில் மனைவியுடன் ரயில் பெட்டியில் இருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன். அவர் உடனே தம்மையும் சுட்டுக்கொண்டு இறந்தார். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்கும் 1908 போராட்டத்துக்கும் எதிரான அரசு நடவடிக்கைகளில் ஆஷ் பங்கேற்றவர். வாஞ்சியிடம் இருந்த கடிதம் ஆங்கில ஆட்சியை எதிர்க்கிறது. அதில் சனாதன தர்மமும் காரணமாகக் கூறப்படுகிறது. விடுதலைப் போரின் தியாகியாக வாஞ்சி போற்றப்படுகிறார். சந்திப்புக்கும் இன்று அவர் பெயர். கடிதத்தின் சமயச் சார்பைக் காட்டி இந்த மதிப்பீட்டை மறுப்பவர்களும் உண்டு.’

ஒரு வரி இருந்த இடத்தில் ஒரு பத்தி. பக்கத்தில் இடம் எங்கே என்று வடிவமைப்பாளர் தலையில் கைவைத்துவிட்டார். இனி அந்தப் பகுதியில் பன்னிரண்டு தேதிகளுக்குப் பதில் ஐந்தோ ஆறோதான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாசகர்களுக்கும் இந்தக் குறிப்பை முன்கூட்டியே அனுப்பினேன். ஐயா, ‘திருப்தி இல்லை, ஆனால் பிழையும் இல்லை’ என்று பதில் எழுதினார். பச்சை மைதான். மாணவி, ‘போற்றப்படுகிறார் என்றால் யாரால்?’ என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. செய்தவரை மறைக்கும் வாக்கியம் என்று மேலே நானே குறை சொல்லிவிட்டு, கீழே நானே ஒன்று எழுதியிருக்கிறேன். அடுத்த பதிப்பில் எழுவாய் வரும்.

முடிக்கும் முன் ஒன்று. குறிப்பு தயாரானதும் மெய்ப்புக்கு அம்மாவிடம் கொடுத்தேன். படித்தார், ஒரு கமா சேர்த்தார், திருப்பிக் கொடுத்தார். கூடவே கட்டுக் கட்டாகப் பழைய இதழ்களைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பத்து வருடத்துக் கடைசிப் பக்கங்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பு வட்டங்கள். “சும்மா இருக்கிற நேரத்துல பார்த்தேன் சார். நாம ‘ன்’ போட்டதெல்லாம் இதுல இருக்கு.”

புரட்டினேன். தூக்கிலிடப்பட்டான். நாடு கடத்தப்பட்டான். கசையடி பெற்றான். பல்லக்குத் தூக்கினான். கொள்ளையடித்தான். அரசர்களையும் புலவர்களையும் கழித்துவிட்டால் மிஞ்சியவர்கள் கைதிகள், கூலிகள், வேலைக்காரர்கள், தண்டனை பெற்ற சிப்பாய்கள். பாதிப் பேருக்குப் பெயர்கூட இல்லை, ‘ஒருவன்’ என்றே இருக்கிறது.

“இதுக்கெல்லாம் யாராவது கோபப்பட்டு லெட்டர் போட்டாங்களா சார்?” என்று கேட்டார்.

வாசகர் கடிதக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

அன்புடன்,
ஆசிரியர்